சோவியத் காலச் சுவரொட்டியில் உக்ரைனைக் கண்டுபிடிப்பது எப்படி

பழைய சோவியத் சுவரொட்டி எது கைக்குக் கிடைத்தாலும் நம் ஆட்கள் ‘ரஷ்ய போஸ்டர்’ என்று சொல்லிவிடுவார்கள். ‘சோவியத் நாடு’ இதழையும் மாஸ்கோவிலிருந்து வந்த தமிழ்ப் புத்தகங்களையும் பார்த்து வளர்ந்த தலைமுறை, அப்படிச் சொல்வதில் ஆச்சரியம் இல்லை. நான் எண்பதுகளின் கடைசியில் உக்ரைனிலுள்ள கார்கிவ் நகரில் பொறியியல் படித்தேன். ஊர் திரும்பி ஆஃப்செட் அச்சகம் வைத்தேன். அங்கிருந்து சுருட்டி எடுத்து வந்த சுவரொட்டிகளும் பிறகு வாங்கிச் சேர்த்தவையும் அச்சகத்து மாடியில் இருக்கின்றன. ஓவியக் கல்லூரிப் பிள்ளைகள் அவ்வப்போது பார்க்க வருவார்கள். வந்ததும் பூத்தையல் சட்டை போட்டு, தலையில் மலர்வளையம் வைத்த பெண்ணைத் தேடிப் பிடித்து, “இதுதானே சார் உக்ரைன்?” என்பார்கள்.

அது கடைசியில் பார்க்க வேண்டியது. முதலில் எழுத்து, அடுத்து அடிவரி, அதை வைத்து ஆண்டு, அப்புறம்தான் படம். படத்தில் தொடங்கினால் அரசாங்கம் காட்ட விரும்பிய உக்ரைன் மட்டும்தான் கண்ணில் படும். எழுத்திலிருந்து போனால் அங்கே இருந்த கலைஞர்கள் உருவாக்கப் பார்த்த உக்ரைனும் பிடிபடும்.

எழுத்து

மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, சில எழுத்துகளின் உருவம் தெரிந்தால் போதும். ஒரு நேர்கோடு, அதன் தலையில் இரண்டு புள்ளி. ஆங்கிலச் சின்ன ‘ஐ’க்கு இன்னொரு புள்ளி சேர்த்தது போல இருக்கும். இது கண்ணில் பட்டால் அந்தச் சுவரொட்டி உக்ரேனிய மொழியில் இருக்கிறது என்று சந்தேகமில்லாமல் சொல்லலாம். நாட்டின் பெயரிலும் தலைநகர் கீவின் பெயரிலும் இந்த எழுத்து வந்துவிடுவதால் பெரிதாகத் தேடவும் வேண்டாம்.

ஒற்றைப் புள்ளி வைத்த கோடு மட்டும் இருந்தால் அவசரப்படாதீர்கள். பெலாரஸ் மொழியிலும் அது உண்டு. 1918-க்கு முந்தைய ரஷ்ய எழுத்துமுறையிலும் உண்டு. புரட்சிக்குப் பிந்தைய உள்நாட்டுப் போரில், லெனினின் போல்ஷெவிக் கட்சியை எதிர்த்த வெள்ளைப் படையினர் பழைய எழுத்துமுறையிலேயே சுவரொட்டி போட்டார்கள்.

அடுத்த சோடி, பிறை போல வளைந்து நடுவில் சின்னக் கோடு போட்ட எழுத்து. பிறையின் முதுகு இடப்பக்கம் இருந்தால் உக்ரேனியம். முதுகு வலப்பக்கம் திரும்பியிருந்தால் உக்ரேனியம் இல்லை, பெரும்பாலும் ரஷ்யம். இதைப் பழகிக்கொண்டால் பத்தடி தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

மேற்கோள் குறி போல எழுத்துகளுக்கு நடுவே மேலே தொங்கும் கொம்பு உக்ரேனியத்துக்கே உரியது என்று சில வழிகாட்டிகளில் எழுதியிருப்பார்கள். இருபதுகளின் சுவரொட்டிக்கு அது செல்லாது. புரட்சிக்குப் பிந்தைய எழுத்துச் சீர்திருத்தத்தில், சொல் முடிவில் தண்டமாக வந்துகொண்டிருந்த ஒரு எழுத்தை ஒழிப்பதற்காக ரஷ்ய அச்சகங்களின் எழுத்துப் பெட்டிகளிலிருந்து அந்த அச்சையே எடுத்துவிட்டார்கள். சொல் நடுவே அது தேவைப்பட்ட இடத்தில் என்ன செய்வது? கம்பாசிட்டர்கள் கொம்பைப் போட்டுச் சமாளித்தார்கள். அச்சுக் கோத்த கை எந்த நாட்டில் இருந்தாலும் இப்படித்தான் போலிருக்கிறது.

இனி ஆண்டைச் சொல்லும் எழுத்து ஒன்று. தலைகீழான ஆங்கில ‘எல்’ போன்ற உருவம், அதன் வலது நுனி மட்டும் மேல்நோக்கிக் கொக்கியாக நிமிர்ந்திருக்கும். உக்ரேனிய ‘க’ ஒலிக்கான எழுத்து இது. 1928-இல் கார்கிவில் ஏற்கப்பட்ட எழுத்துமுறை இதை முறையாக வைத்துக்கொண்டது. அந்த வேலையை முன்னின்று நடத்தியவர் மிகோலா ஸ்க்ரிப்னிக், பழைய போல்ஷெவிக், உக்ரைனின் கல்வி அமைச்சர். 1933-இல் காற்று திரும்பியது. அந்த எழுத்துமுறை தேசியவாதச் சதி என்றார்கள். அவர் அந்த ஆண்டு ஜூலை 7 அன்று தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தார். அதே ஆண்டில் அந்த எழுத்தையும் நெடுங்கணக்கிலிருந்து தூக்கினார்கள். 1990-இல்தான் அது திரும்பி வந்தது.

ஆகவே, 1933-க்கும் 1990-க்கும் நடுவே சோவியத் உக்ரைனில் அச்சான சுவரொட்டியில் அந்தக் கொக்கி எழுத்து இருக்கக்கூடாது. இருந்தால், கனடாவிலோ ஜெர்மனியிலோ புலம்பெயர்ந்த உக்ரேனியர்கள் அச்சிட்டதாக இருக்கலாம். அவர்கள் பழைய எழுத்துமுறையை விடவில்லை. இல்லாவிட்டால் யாரோ போன வாரம் கணினியில் செய்த போலி.

‘சோசலிசம்’ என்ற சொல்லையும் பாருங்கள். எந்தச் சுவரொட்டியில்தான் அது இல்லை! 1928 முறைப்படி அதன் நடுவில் ‘யா’ வரும், அதாவது கண்ணாடியில் தெரியும் ஆங்கில ‘ஆர்’ போன்ற எழுத்து. 1933-க்குப் பிறகு அந்த இடத்தில் வெறும் ‘அ’. ஐந்தாண்டுத் திட்டம் என்பதிலுள்ள ‘பிளான்’ என்ற சொல்லுக்கும் இதே கதைதான், முன்பு ‘பிளியான்’, பிறகு ‘பிளான்’. ரஷ்ய எழுத்துக்கூட்டலுக்கு அருகே இழுத்துக் கட்டும் வேலை இப்படி ஒவ்வொரு எழுத்தாக நடந்தது.

அடிவரி

சுவரொட்டியின் கீழ் ஓரத்தில் எறும்பு ஊர்வது போலப் பொடியெழுத்தில் ஒரு வரி இருக்கும். நம் தேர்தல் சுவரொட்டியில் அச்சகத்தின் பெயரையும் பிரதி எண்ணிக்கையையும் சட்டப்படி போடுகிறோமே, அதே மாதிரி. ஓவியர், பதிப்பாசிரியர், பதிப்பகம், ஊர், ஆண்டு, பிரதிகள், விலை எல்லாம் அதில் அடக்கம். இணையத்தில் விற்பவர்கள் சட்டம் போட்டு மறைப்பதும் இந்த வரியைத்தான். அது தெரியாத படத்தைக் காசு கொடுத்து வாங்காதீர்கள்.

ஊர் கார்கிவ் என்றிருந்தால் அது தலைநகரத்து அச்சாக இருக்க வாய்ப்பு அதிகம். 1934 வரை தலைநகரம் அதுதான், பிறகுதான் கீவ். குடியரசின் பெயர்ச் சுருக்கமும் உதவும். ஆங்கிலம் படித்த கண்ணுக்கு அது ‘ஒய்-சி-பி-பி’ என்று தெரிந்தால் 1937-க்கு முன், ‘ஒய்-பி-சி-பி’ என்று தெரிந்தால் அதற்குப் பின். ‘சோசலிச சோவியத்’ என்றிருந்ததை ‘சோவியத் சோசலிச’ என்று வரிசை மாற்றியதால் வந்த வித்தியாசம். விலையில் ரூபிள் என்பதற்கு உக்ரேனியத்தில் ‘கர்போவானெத்ஸ்’ என்பார்கள், மூன்றெழுத்தில் சுருக்கிப் போட்டிருக்கும். 1961-இல் பத்துக்கு ஒன்று என்று பணத்தை மாற்றியதால் அதற்குப் பிறகான விலைகள் சில்லறைக் காசில் இருக்கும்.

அடிவரி கிழிந்து போயிருந்தால் ஓர் அச்சகக்காரனாக நான் பார்ப்பது வாசகம் உட்கார்ந்திருக்கும் விதத்தை. மாஸ்கோவில் வரைந்த சுவரொட்டியைக் குடியரசு மொழிகளில் மாற்றிப் போடுவது வழக்கம். படம் அதே, வாசகம் மட்டும் வேறு. அப்படிப்பட்டதில் எழுத்து தனியாகத் தெரியும். வேறொரு வாக்கியத்துக்காக விட்ட இடத்தில் இந்த வாக்கியத்தைத் திணித்திருப்பார்கள், ஒரு வரி நெருக்கியும் ஒரு வரி அகட்டியும் இருக்கும். படத்தையும் எழுத்தையும் ஒரே கை வரைந்திருந்தால், கொடியின் வளைவும் எழுத்தின் வளைவும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளும். அந்தச் சுவரொட்டி உக்ரேனிய மொழியிலேயே யோசிக்கப்பட்டது. இந்த ஒரு சோதனையை நான் பூவேலைச் சட்டை எதையும் விட அதிகமாக நம்புகிறேன்.

இருபதுகள்: பூவேலை இல்லாத உக்ரைன்

1923-இலிருந்து உக்ரேனியமயமாக்கல் அரசுக் கொள்கையாக இருந்தது. பள்ளி, பத்திரிகை, அலுவலகம் எல்லாம் உக்ரேனிய மொழிக்கு மாறின. அந்தப் பத்தாண்டுச் சுவரொட்டிகளில்தான் எனக்கு மோகம். தேசிய அடையாளம் அவற்றில் உடையில் இல்லை, வடிவத்தில் இருக்கிறது.

இதற்கு அடி போட்டவர் ஹெயோர்ஹி நார்புத். 1917-இல் பெத்ரோகிராதை (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) விட்டுக் கீவுக்கு வந்து, புதிதாகத் தொடங்கிய உக்ரேனியக் கலை அகாதமியில் பேராசிரியரானார். புரட்சிக்குப் பிறகு சில காலம் சுதந்திரமாக இருந்த உக்ரைனின் பணத்தாள்களை வரைந்தார். கொசாக் எனப்பட்ட உக்ரேனியப் போர்வீரர்கள் காலத்துக் கையெழுத்துப் படிகளையும் பழைய அச்சுப் புத்தகங்களையும் பார்த்து எழுத்துருவங்களைச் செதுக்கினார். 1920-இல் முப்பத்து நான்கு வயதில் இறந்துபோனார். ஆனால் வயிறு பருத்து, வால் சுருண்டு, கொஞ்சம் பகட்டாக நிற்கும் அந்த எழுத்துகள் அவருக்குப் பிறகும் சோவியத் சுவரொட்டிகளிலும் புத்தக அட்டைகளிலும் வந்துகொண்டே இருந்தன. கீழே புரட்சி முழக்கம், அதன் எழுத்துருவம் மட்டும் கொசாக் அலுவலக ஆவணத்திலிருந்து!

இன்னொரு பக்கம் மிகைலோ பொய்சுக்கும் அவருடைய மாணவர்களும். பைசாந்தியக் காலக் கிறிஸ்தவத் திருவுருவப் படங்களையும் கிராமத்து ஓவியங்களையும் எடுத்துக்கொண்டு தொழிலாளரையும் விவசாயிகளையும் வரைந்தார்கள். இவர்கள் கைவண்ணத்தை அடையாளம் காண்பது எளிது. நிழல் விழாது, ஆழம் இருக்காது. உடல்கள் உருண்டு திரண்டிருக்கும், தலை கொஞ்சம் சாய்ந்திருக்கும், தோளிலிருந்து முழங்கை வரை ஒரே வளைகோடு ஓடும். மாஸ்கோவின் கூர்முனைச் சுவரொட்டியை இதற்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள் என்று தெரிந்துவிடும்.

கார்கிவில் காற்று வேறு. வசில் யெர்மிலோவ் வட்டம், சதுரம், தடித்த கோடு என்று வைத்துக்கொண்டு எழுத்தையே கட்டடமாகக் கட்டினார். ‘சிவப்பு உக்ரைன்’ என்ற பிரசார ரயிலுக்கு அலங்காரம் செய்தவர் அவர். அடோல்ஃப் ஸ்த்ராகோவ் 1924-இல் செய்த லெனின் சுவரொட்டி அடுத்த ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கியது. 1926-இல் அவர் வரைந்த மகளிர் தினச் சுவரொட்டியை நேரம் எடுத்துப் பாருங்கள். கல்லில் வெட்டினாற்போல் ஒரு பெண், தலையில் சிவப்புத் துணி, கையில் கொடி, பின்னால் ஆலை. சிரிப்பில்லை, பூவில்லை, ரிப்பன் இல்லை. உக்ரைன் தலைநகரில், நகரத்துத் தொழிலாளிப் பெண்ணை வைத்து ஒரு கலைஞர் செய்த நவீன வேலை அது. உக்ரேனியராக இருந்துகொண்டே நவீனமாகவும் இருக்கலாம் என்று அந்தப் பத்தாண்டு நம்பியது. பிறகு வந்த சுவரொட்டிகளில் எனக்குக் கிடைக்காதது இதுதான்.

முறிவு எப்போது என்பதைத் தேதியோடு மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1932 டிசம்பர் 14 அன்று மாஸ்கோ ஓர் ஆணை போட்டது. தலைப்பு தானியக் கொள்முதல். உள்ளே பார்த்தால் அதே தாளில் மொழிக் கொள்கையும் இருக்கிறது. உக்ரேனியமயமாக்கல் தவறாக நடந்தது என்று கண்டித்து, வட காகசஸில் உக்ரேனிய மொழிப் பத்திரிகைகளையும் பள்ளிகளையும் ரஷ்ய மொழிக்கு மாற்றச் சொன்னது. அந்தக் குளிர்காலத்தில்தான் உக்ரேனிய கிராமங்களில் ஹொலொதொமோர் பஞ்சம் லட்சக்கணக்கானோரைக் கொன்றுகொண்டிருந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, அக்டோபரில், த்நீப்ரோ அணையைத் திறந்தார்கள். வில்லாக வளைந்த அந்த அணை எத்தனையோ சுவரொட்டிகளில் வருகிறது. 1932, 1933 என்று அடிவரி போட்ட அறுவடைச் சுவரொட்டியையோ அணைச் சுவரொட்டியையோ பார்க்கும்போது கதிர்க்கட்டின் அழகை மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள்.

1937 ஜூலை 13 அன்று பொய்சுக்கையும், அவருடைய மாணவர்கள் இவான் பாதல்காவையும் வசில் செத்லியாரையும் கீவில் சுட்டுக் கொன்றார்கள். பொய்சுக்கின் மனைவி, மரச்செதுக்கு ஓவியர் சோஃபியா நலெபின்ஸ்காவை டிசம்பரில் சுட்டார்கள். குற்றச்சாட்டு தேசியவாதம். சுவர்களில் இருந்த அவர்களுடைய ஓவியங்களும் அழிக்கப்பட்டன. அதனால் அச்சில் தப்பியவற்றுக்கு மதிப்பு அதிகம்.

இப்போது சட்டைக்கு வரலாம்

‘உள்ளடக்கத்தில் சோசலிசம், வடிவத்தில் தேசியம்’ என்றார் ஸ்டாலின். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. முப்பதுகளுக்குப் பிறகு அந்த ‘வடிவம்’ சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் உடையாக மட்டும் நின்றது. பூத்தையல் சட்டை, மலர்வளையம், பல நிற ரிப்பன், ஆணுக்குத் தொங்குமீசையும் வைக்கோல் தொப்பியும். இந்த மலிவுக் காட்சிக்கு உக்ரேனியர்களே வைத்த கேலிப்பெயர் ‘ஷரவார்ஷ்சினா’. ஷரவாரி என்பது மேடை நடனக்காரர்கள் போடும் தொளதொளக் காற்சட்டை.

என்னிடம் ஐம்பதுகளின் கூட்டுப்பண்ணைச் சுவரொட்டி ஒன்று இருக்கிறது. சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு மூட்டையை அணைத்துக்கொண்டு ஒரு பெண் சிரிக்கிறாள். லென்ஸ் வைத்து அந்தச் சட்டையைப் பார்த்தேன். சிவப்பும் கறுப்புமாக ரோஜா, தோளில் ஒரு பட்டை, கைநுனியில் ஒரு பட்டை. எந்த வட்டாரம்? சொல்ல முடியாது. பொல்தாவா சட்டை என்றால் வெள்ளைத் துணியில் வெள்ளை நூல். போர்ஷ்சிவ் பக்கம் என்றால் கை முழுக்கக் கறுப்பு நூல் அடைத்திருக்கும். கார்பாத்திய மலையின் ஹுத்சுல் மக்களிடம் ஆரஞ்சும் மஞ்சளும் கலந்த நெருக்கமான கட்டவடிவம். ஊர் தெரியாத பொதுப் பூ என்றால் ஓவியர் யாரையும் பார்த்து வரையவில்லை, சின்னமாக ஒட்டியிருக்கிறார். வட்டாரம் சொல்லும்படி சட்டை இருந்தால், கலைஞர் அக்கறையோடு ஏதோ செய்திருக்கிறார் என்று அங்கே நின்று பாருங்கள். மலர்வளையம் மணமாகாத பெண்ணுக்கு உரியது. பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கும் பெண்ணின் தலையில் அதைப் பார்த்தால், வரைந்தவருக்குக் கிராமம் தெரியாது.

பிறகு யார் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். 1939-இல் சோவியத் படை மேற்கு உக்ரைனுக்குள் நுழைந்தபோது விக்தர் கொரேத்ஸ்கி செய்த சுவரொட்டி பிரபலம். ஒரு விவசாயி செம்படை வீரரைக் கட்டிப்பிடித்து முத்தமிடுகிறார். படத்தில் ஆயுதமும் சீருடையும் ஒருவரிடம், நன்றி மட்டும் மற்றவரிடம். 1954-இல், உக்ரேனியக் கொசாக்குகள் ரஷ்ய ஜாரின் பாதுகாப்பை ஏற்ற பெரெயாஸ்லாவ் ஒப்பந்தத்தின் முந்நூறாம் ஆண்டு. ‘என்றென்றும் ஒன்றாக’ என்ற முழக்கத்தோடு இரண்டிரண்டு பேராக நிறுத்திய படங்கள் குவிந்தன. கோட்டு யாருக்கு, பூச்சட்டை யாருக்கு, கை நீட்டி எதிர்காலத்தைக் காட்டுவது யார், அந்தக் கையைப் பார்ப்பது யார் என்று குறித்துக்கொண்டே போங்கள். சில படங்களில் இருவரும் சரிசமமாகத்தான் நிற்பார்கள். அதையும் நேர்மையாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஷெவ்சென்கோ யார்மேல் கோபப்படுகிறார்?

தராஸ் ஷெவ்சென்கோ, 1814-இல் பண்ணையடிமையாகப் பிறந்த கவிஞர், ஓவியர். ஜாரை எதிர்த்து எழுதியதற்காகப் பத்தாண்டு நாடு கடத்தப்பட்டவர். சோவியத் அரசும் அவரைக் கொண்டாடியது, அரசை எதிர்த்தவர்களும் கொண்டாடினார்கள். ஆகவே முகத்தை அடையாளம் கண்டதோடு வேலை முடியாது. எந்த ஷெவ்சென்கோ? ஆட்டுத்தோல் தொப்பியும் தொங்குமீசையுமாக வயதான குடியானவர் போலத் தெரிபவரா, 1840-இல் தன்னைத்தானே வரைந்துகொண்ட அழகான இளைஞரா? சோவியத் சுவரொட்டிக்குப் பிடித்தது முதலாமவர்.

வசில் கசியான் 1942-43-இல் ‘ஷெவ்சென்கோவின் சினம் வெற்றியின் ஆயுதம்’ என்று ஒரு சுவரொட்டித் தொடரே செய்தார். விலங்கை உடையுங்கள், பகைவரின் குருதியால் விடுதலையை நனையுங்கள் என்று கவிஞர் 1845-இல் எழுதியது ஹிட்லரின் படைக்கு எதிராகத் திரும்பியது. போரில் ஆள் தேவைப்பட்டது, அதனால் தேசியக் கோபத்துக்கு அனுமதி. கொசாக் தலைவர் போஹ்தான் ஹ்மெல்னித்ஸ்கி பெயரில் உக்ரேனிய எழுத்தோடு போர்ப் பதக்கமே வந்தது 1943-இல். போர் முடிந்தது, கதவு சாத்தியது. 1944-இல் ‘உக்ரைனை நேசியுங்கள்’ என்று கவிதை எழுதிய வொலொதிமிர் சோசியுராவை 1951-இல் கட்சிப் பத்திரிகையான ‘பிராவ்தா’ தேசியவாதி என்று தாக்கியது.

1964-இல் கவிஞரின் நூற்றைம்பதாம் ஆண்டுக்காகக் கீவ் பல்கலைக்கழகத்தில் அல்லா ஹோர்ஸ்கா, ஓபனாஸ் ஸலிவாகா, லியுத்மிலா செமிகினா முதலானோர் கண்ணாடி ஓவியம் ஒன்று வைத்தார்கள். கோபமான ஷெவ்சென்கோ ஒரு பெண்ணை அணைத்தபடி புத்தகத்தை உயர்த்துகிறார். திறப்பு விழாவுக்கு முன்பே அதை உடைத்து நொறுக்கினார்கள். சுவரொட்டி இல்லைதான், ஆனால் கசியானின் தொடரைப் படிக்க இதைவிட நல்ல உரைகல் கிடையாது. அதே மனிதர், அதே கோபம். 1942-இல் எதிரி யார் என்று வாசகம் சொன்னது. 1964-இல் சொல்லவில்லை. எதிரியின் பெயரைப் போடாத கோபத்தை அந்த அரசு தாங்கவில்லை. எனவே எந்த ஷெவ்சென்கோ சுவரொட்டியிலும் அவர் பார்வை போகும் திசையில் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போங்கள். ஓரத்தில் ஜெர்மன் தலைக்கவசமோ ஜாரின் கழுகோ இருக்கிறதா, வெறும் காகிதமா என்று பாருங்கள்.

நீலம்

உக்ரேனிய சோவியத் குடியரசின் கொடி 1949 முதல் மேலே சிவப்பு, கீழே மூன்றில் ஒரு பங்கு வெளிர்நீலம். ஐம்பதுகளுக்குப் பிறகான சுவரொட்டியில் சிவப்பின் அடியில் நீலப் பட்டை ஓடினால் அது அரசு அனுமதித்த உக்ரைன். நீலமும் மஞ்சளும் சேர்ந்த கொடி வேறு விஷயம், அது சுதந்திர உக்ரைனின் கொடி, சோவியத் ஆட்சியில் தடைசெய்யப்பட்டது. 1966 மே தினத்தன்று கீவில் ஒரு கல்வி நிறுவனக் கூரையில் அதை ஏற்றிய இரண்டு பேர் சிறைக்குப் போனார்கள். இதைப் படித்துவிட்டு, கோதுமை வயலும் வானமும் உள்ள சுவரொட்டி எல்லாவற்றிலும் ரகசியக் கொடியைக் கண்டுபிடிக்கக் கிளம்பிவிடாதீர்கள். வயலுக்கு மேல் வானம் நீலமாகத்தான் இருக்கும். வேறு சான்று ஏதும் இல்லாமல் அப்படி எழுதினால் உங்கள் ஆசையைத்தான் எழுதுகிறீர்கள்.

செர்னோபிலுக்குப் பிறகு எல்லாம் மாறுகிறது. பூச்சட்டை போய் வெடித்த அணு உலையும் காலித் தொட்டிலும் வருகின்றன. விபத்து இடத்துக்கு அனுப்பப்பட்டு அங்கே படம் வரைந்த ஓலெக் வெக்லென்கோ, 1991-இல் கார்கிவில் ‘நான்காம் பிளாக்’ என்ற சூழலியல் சுவரொட்டிக் கண்காட்சியைத் தொடங்கினார். இருபதுகளின் கார்கிவ் வடிவமைப்பை விரும்புபவர்கள் அதன் படங்களையும் தேடிப் பாருங்கள்.

வாங்குவதற்கு முன்

லென்ஸ் வைத்துப் பாருங்கள். இருபதுகளின் கல்லச்சில் வண்ணம் பரப்பாக இருக்கும், ஓரங்களில் ஒழுங்கற்ற மணல் போன்ற துகள். எழுபதுகளின் ஆஃப்செட்டில் வரிசையான புள்ளிகள். புள்ளிகள் தூவினாற்போல் எங்கும் சிதறிக் கிடந்தால் இங்க்ஜெட் பிரதி. 1926 என்று அடிவரி போட்ட தாளில் ஆஃப்செட் புள்ளி வரிசை தெரிந்தால் அது பிற்கால மறுபதிப்பு. சுவரில் மாட்ட அழகாக இருக்கும், அசல் விலை கொடுக்க வேண்டாம்.

உக்ரைனில் 2015 சட்டப்படி கம்யூனிச ஆட்சிக் குறியீடுகளைப் பொதுவெளியில் பிரசாரமாகக் காட்டத் தடை உண்டு. அருங்காட்சியகத்துக்கும் ஆய்வுக்கும் விலக்கு இருக்கிறது. அங்குள்ளவர்களோடு படங்களைப் பகிரும்போது, ஆய்வுக்காக என்று சொல்லிப் பகிர்வதுதான் மரியாதை.

தேடுவதற்குக் கீவிலுள்ள வெர்னாத்ஸ்கி தேசிய நூலகத்தின் சுவரொட்டித் தொகுப்பில் தொடங்கலாம். கைப்பேசியில் உக்ரேனிய விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டு ஓவியர் பெயரை அதிலேயே தட்டுங்கள். ரஷ்ய எழுத்துக்கூட்டலில் தேடினால் வேறு படங்கள் வரும், ஆங்கிலத்தில் தேடினால் பெரும்பாலும் விற்பனைக் கடைகள் வரும்.